பல்கலைக்கழக மாணவர் பதிவேடு: மென்பொருளை நாமே எழுதுவதா, விலைக்கு வாங்குவதா?

மரத்தடி

வணக்கம். தமிழ்நாட்டில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருக்கிறேன். பெயர் வேண்டாம். சேர்க்கை முதல் பட்டச் சான்றிதழ் வரை எல்லாவற்றையும் ஒரே மென்பொருளுக்குள் கொண்டுவர எங்கள் ஆட்சிக்குழு ஐந்து பேர் கொண்ட குழு ஒன்றை அமைத்திருக்கிறது. அதில் நானும் ஒருவன். இப்போது தேர்வுப் பிரிவில் ஓடுவது பாதி ஃபாக்ஸ்ப்ரோ என்ற பழைய தரவுத்தள மென்பொருளில் எழுதியது, பாதி 2009-இல் எங்கள் கணினி மையத்தில் எழுதிய இணையத்தளம். ஃபாக்ஸ்ப்ரோவுக்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு 2015 ஜனவரியோடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகும் எங்கள் பருவத்தேர்வு முடிவுகள் அதிலிருந்துதான் வருகின்றன.

போன வாரம் ஒரு நிறுவனத்தார் வந்து, ஆயத்தமாகச் செய்து விற்கும் தங்கள் தொகுப்பு மென்பொருளைக் காட்டினார்கள். திரை அழகாக இருந்தது. அரியர் வைத்த மாணவர் பழைய பாடத்திட்டத்திலிருந்து புதியதற்கு மாறினால், பழைய தாளுக்கு இணையான தாளை எங்கே குறிப்பது என்று கேட்டேன். விளக்கிக்கொண்டிருந்தவருக்குக் கேள்வியே புரியவில்லை. நாமே எழுதிக்கொள்வதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. குழுவில் மற்ற நால்வரும் வாங்கிவிடலாம் என்கிறார்கள். அடுத்த மாதம் ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு போகப்போகிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பழைய தேர்வுப்பிரிவு

ஐயா, வாங்குங்கள். 31 ஆண்டுகள் தேர்வுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் சொல்கிறேன்.

2011 ஏப்ரல் தேர்வு முடிவு. காலை பத்து மணிக்கு வெளியீடு என்று பத்திரிகைகளுக்குச் சொல்லியாகிவிட்டது. இரவு பதினொரு மணிக்குச் சரிபார்ப்புப் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்த உதவியாளர் அம்மா, "சார், இந்தக் கல்லூரியில் வேதியியல் செய்முறையில் எல்லாருமே ஃபெயில்" என்றார். மற்றக் கல்லூரிகளையும் எடுத்துப் பார்த்தோம். நானூறு பேருக்கு மேல். அந்த ஆண்டு செய்முறைத் தேர்வு நூறு மதிப்பெண்ணிலிருந்து ஐம்பதுக்கு மாறியிருந்தது. தேர்ச்சிக்கு இருபது போதும். நிரலோ நாற்பது கேட்டுக்கொண்டிருந்தது. அந்த நாற்பது எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. நிரல் எழுதிய தம்பி எட்டு மாதங்களுக்கு முன்பே வேலையை விட்டுவிட்டுப் பெங்களூருக்குப் போய்விட்டார். அவரைப் பிடித்தபோது ஊருக்குப் போகும் பஸ்ஸில் இருந்தார். பஸ் இரைச்சலுக்கு நடுவே, எந்தக் கோப்பு, ஏறக்குறைய எத்தனையாவது வரி என்று நினைவிலிருந்து சொன்னார். இரண்டு மணிக்குத் திருத்தினோம். அவர் அன்று தொலைபேசியை எடுக்காமல் இருந்திருந்தால்?

ஒரு பல்கலைக்கழகத்தின் தேர்வு முடிவு ஒரு பிள்ளையின் ஞாபகத்தில் தொங்கக் கூடாது. நூறு இடங்களில் ஓடித் தேறிய மென்பொருளை வாங்கினால் அந்த நிலை வராது.

மூலநிரல்

ஐயா, அந்த இரவில் உங்கள் கைகள் எப்படி நடுங்கியிருக்கும் என்று எனக்குத் தெரியும். நானும் பல்கலைக்கழகக் கணினி மையத்தில் நிரல் எழுதுகிறவன்தான். ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தத் தம்பி ஏன் போனார்? தொகுப்பூதியத்தில் வைத்திருந்திருப்பீர்கள். ஆண்டுதோறும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க அவரே கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைந்திருப்பார். நல்ல ஆளைத் தக்கவைக்காதது நிர்வாகத்தின் குறை. அதை நிரலின் தலையில் ஏற்றுவது நியாயமாகாது. வாங்கிய மென்பொருளாக இருந்திருந்தால் இரவு பதினொரு மணிக்கு உங்களுக்குப் புகார் எண் ஒன்று கிடைத்திருக்கும், அவ்வளவுதான்.

வாங்கியவர்கள் பட்ட பாட்டையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் கலிபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு 2003-இல் 23 வளாகங்கள் இருந்தன. அத்தனைக்கும் பொதுவாகப் பீப்பிள்சாஃப்ட் என்ற நிறுவனத்தின் மென்பொருளைக் கொண்டுவந்தார்கள். 2003 மார்ச்சில் அந்த மாநிலத் தணிக்கையாளர் அறிக்கை வந்தது. ஒன்பது ஆண்டுகளில் 66.2 கோடி டாலர் செலவாகும் என்று அது கணக்கிட்டது. அதைவிட எனக்கு உறைத்தது இன்னொரு குற்றச்சாட்டு: இதனால் என்ன பயன், என்ன செலவு என்பதை முழுமையாக வரையறுத்துக்கொள்ளாமலே பல்கலைக்கழகம் இறங்கிவிட்டது. ஒஹையோவில் கிளீவ்லாந்து ஸ்டேட் பல்கலைக்கழகம் 2004-இல் அதே நிறுவனத்தின்மீது 51 கோடி டாலர் கேட்டு வழக்கே போட்டது.

2005 ஜனவரியில் அந்தப் பீப்பிள்சாஃப்டையே ஆரக்கிள் என்ற இன்னொரு மென்பொருள் நிறுவனம் ஏறக்குறைய 1,030 கோடி டாலருக்கு விழுங்கிவிட்டது. பேனர் என்ற இன்னொரு மாணவர் மென்பொருளின் கதையும் இதுதான். எஸ்சிடி என்ற நிறுவனத்திடமிருந்து 2004-இல் சன்கார்டுக்குப் போனது. 2012-இல் சன்கார்டின் உயர்கல்விப் பிரிவு டேட்டாடெல் என்ற நிறுவனத்தோடு இணைந்து எலூசியன் ஆனது. பல்கலைக்கழகம் ஒருவரை நம்பிக் கையெழுத்திடுகிறது. எட்டு ஆண்டு கழித்து விலை சொல்ல வருகிறவர் வேறொருவர். ஆரக்கிளின் பராமரிப்புக் கட்டணம் பொதுவாக உரிமத் தொகையில் ஆண்டுக்கு 22 விழுக்காடு. ஐந்து ஆண்டுகளில் உரிமத்தை இன்னொரு முறை வாங்கிய தொகை போய்விடுகிறது. அந்தப் பணத்தில் எத்தனை நிரலாளர்களுக்குக் காலமுறை ஊதியம் கொடுக்கலாம்!

கடல்கடந்தவன்

மூலநிரல் சொன்ன கணக்குகள் சரி. அவற்றிலிருந்து அவர் எடுக்கும் முடிவோடுதான் எனக்கு உடன்பாடில்லை. பதினாறு ஆண்டுகளாக ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் பதிவாளர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். எங்களிடம் இருப்பது வாங்கிய மென்பொருள். எங்களைக் கஷ்டப்படுத்துவது நாங்களே அதற்குள் போட்ட திருத்தங்கள். ஒவ்வொரு துறையும் "எங்கள் வழக்கம் வேறு" என்று சொல்ல, ஒவ்வொன்றுக்காகவும் உள்ளே கைவைத்தோம். புதிய பதிப்பு வரும்போதெல்லாம் அத்தனை திருத்தங்களையும் மறுபடி பொருத்திச் சோதிக்க வேண்டும். ஒரு முறை அதற்கே பத்து மாதம் போனது. தொகுப்பு மென்பொருளை வாங்கிவிட்டு நம் வழக்கத்துக்கு வெட்டித் தைப்பதுதான் எல்லாவற்றிலும் செலவான வழி.

எழுதப் போனவர்களின் கதையும் இருக்கிறது. 2007-இல் குவாலி ஸ்டூடன்ட் என்ற திட்டம் தொடங்கியது. பிரிட்டிஷ் கொலம்பியா, மேரிலாந்து, வாஷிங்டன், பெர்க்லி போன்ற பல்கலைக்கழகங்கள் பணமும் ஆட்களும் போட்டு, யாரும் எடுத்துப் பயன்படுத்தி மாற்றிக்கொள்ளக்கூடிய திறந்த மூலநிரலில் தங்களுக்கான மாணவர் மென்பொருளைத் தாங்களே எழுதுவது என்று இறங்கின. நிரலாளர்களுக்குப் பஞ்சமா அங்கே? பஞ்சமே இல்லை. ஆனாலும் ஆண்டுகள் ஓடின. சில பகுதிகள்தான் பயன்பாட்டுக்கு வந்தன. கூட்டாளிகள் ஒருவர்பின் ஒருவராக விலகினார்கள். 2014-இல் குவாலியே தனி வணிக நிறுவனம் ஒன்றைத் தொடங்கியது. பெர்க்லி கடைசியில் ஆரக்கிளின் மாணவர் மென்பொருளை வாங்கி 2016-இல் அதற்கு மாறியது. பெர்க்லியாலேயே முடியாததை இரண்டு மூன்று நிரலாளர்களை வைத்துக்கொண்டு முடிக்கலாம் என்று எந்தத் தைரியத்தில் சொல்கிறீர்கள்?

மூலநிரல்

அந்தத் தைரியம் எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன். குவாலி எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் பொருந்தும் ஒன்றை எழுதப் பார்த்தது. அத்தனை பேருடைய விதிகளும் ஒரே வடிவத்துக்குள் அடங்க வேண்டும் என்று பேசிப் பேசியே காலம் போனது. ஒரே பல்கலைக்கழகத்துக்கு, அதன் விதிகளுக்கு மட்டும் எழுதுவது வேறு வேலை. காரக்பூர் ஐஐடியும் மும்பை ஐஐடியும் தங்கள் கல்விப் பிரிவு மென்பொருளைச் சொந்தமாக எழுதித்தானே நடத்தின?

பழைய தேர்வுப்பிரிவு

ஐஐடி-யில் இணைவுக் கல்லூரி ஏது தம்பி? ஒரே வளாகம், எல்லாருக்கும் ஒரே நாள்காட்டி. நமக்கு எழுபது, எண்பது கல்லூரிகள். விடைத்தாள் கட்டு வர வேண்டும், யாருடைய தாள் என்று தெரியாமலிருக்கப் பதிவெண்ணுக்குப் பதில் டம்மி எண் போட வேண்டும், மதிப்பீட்டு முகாம் நடத்த வேண்டும், மறுமதிப்பீடு, விடைத்தாள் நகல் என்று அதற்கு மேலும் எத்தனையோ. அந்த ஒப்பீடு இங்கே செல்லாது.

சான்றிதழ் மேசை

ஒரு கல்லூரி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருக்கிறேன். நீங்கள் பேசும் கோடிகள் எனக்கு எட்டாதவை. நான் பெயர் என்ற ஒரே ஒரு கட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் கல்லூரி நான்கு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தொகுப்பு மென்பொருளை வாங்கியது. அதில் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்கள். இரண்டையும் நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போகாது. நம் பிள்ளைகளுக்குக் குடும்பப்பெயர் எங்கே இருக்கிறது? க. மீனா என்றால் க என்பது அப்பா பெயரின் முதலெழுத்து. சேர்க்கை நடக்கும் நேரம், வாசலில் வரிசை நிற்கிறது. தட்டச்சு செய்த பிள்ளைகள் சிலர் இனிஷியலைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் போட்டார்கள், சிலர் அப்பாவின் முழுப்பெயரைப் போட்டார்கள், சிலர் வெறும் புள்ளி வைத்தார்கள். மூன்றாம் ஆண்டு முடிவில் மாற்றுச் சான்றிதழ் அச்சடித்தபோது "மீனா ." என்று வந்தது. அந்தப் புள்ளியோடு கடவுச்சீட்டு அலுவலகத்துக்குப் போய்த் திரும்பி வந்து என் மேசைக்கு முன்னால் அழுத பெண்ணை நான் மறக்கவில்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி ஓர் எழுத்து பிசகாமல் பெயர் இருக்க வேண்டும் என்பது இந்த நாற்காலியில் உட்காரும் எவருக்கும் முதல் நாளே சொல்லித்தரும் பாடம். மென்பொருள் செய்தவர்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை. ஒரே கட்டமாக மாற்றித் தாருங்கள் என்று எழுதிக் கேட்டோம். அது தங்கள் அடிப்படை வடிவமைப்பு, மாற்ற இயலாது என்று பதில் வந்தது.

இதற்காக மூலநிரல் தம்பியின் பக்கம் நான் சாய்ந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அதற்கு முன்பு இருந்தது எங்கள் கணினித் துறை ஆசிரியர் எழுதிக் கொடுத்தது. அதில் தமிழ்ப் பெயர்களை, எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு முறைக்கு முந்திய ஏதோ எழுத்துருவில் வைத்திருந்தார். அவர் மாற்றலாகிப் போனபின் அந்தக் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாக ஓடுகிறது. எந்த எழுத்துரு என்று சொல்ல ஆளில்லை. தமிழக அரசு 2010-இலேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. எங்களிடம் உள்ள பழைய பெயர்கள் இன்னும் அந்தப் பெட்டிக்குள்தான் கிடக்கின்றன. சான்றிதழின் இரண்டாம் படி கேட்டு யாராவது வந்தால் கையெழுத்துப் பதிவேட்டைத்தான் புரட்டுகிறேன்.

இறுதியாண்டு மாணவி

குறுக்கே எழுதுவதற்கு மன்னிக்கவும். சான்றிதழ் மேசை அம்மா சொன்ன பெயர்ப் பிரச்சினை எனக்கும் நடந்தது. அரசுப் பள்ளியில் படித்த எனக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வர வேண்டும். ஆதாரில் ஒரு விதம், கல்லூரிப் பதிவில் ஒரு விதம் என்று பெயர் இருந்ததால் ஐந்து மாதம் வரவில்லை. எனக்கு அது விடுதிச் சாப்பாட்டுப் பணம். எழுதினாலும் வாங்கினாலும், தவறு என்று நாங்கள் சொன்னால் திருத்தித் தர அங்கே ஓர் ஆள் இருக்க வேண்டும்.

பழைய தேர்வுப்பிரிவு

அந்தக் குழந்தை எழுதியதைப் படித்து மனம் கனத்துவிட்டது. ஆனால் பெயர்க் கட்டம் ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டிய விஷயம். எழுதாமல் கையெழுத்துப் போட்டது கல்லூரியின் பிழை.

நான் வாங்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. இதுவரை சொல்லத் தயங்கினேன். சொந்தமாக எழுதிய அமைப்பில், நிரல் எழுதியவரே தரவுத்தளத்தின் சாவியையும் வைத்திருக்கிறார். 34 என்பதை 43 ஆக்க அவருக்கு ஒரு நிமிடம் போதும். அவர் செய்தார் என்று சொல்லவில்லை. செய்தால் நமக்குத் தெரியவராது என்கிறேன். என் காலத்தில் மதிப்பெண் திருத்தம் என்றால் சிவப்பு மையில் அடித்து, பக்கத்தில் எழுதி, இரண்டு பேர் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். கணினி வந்ததும் அந்தச் சிவப்பு மை காணாமல் போயிற்று. நல்ல தொகுப்பு மென்பொருளில் யார், எந்த நாள், எத்தனை மணிக்கு, எதை எதுவாக மாற்றினார் என்று பதிவாகிறது. அதை அழிக்கும் அதிகாரம் பல்கலைக்கழகத்துக்குள் யாரிடமும் இல்லாதபடி ஒப்பந்தத்தில் வைக்கலாம். பட்டச் சான்றிதழில் கையெழுத்திடும் துணைவேந்தருக்கு அந்த உறுதியை எந்தக் கணினி மையத்தால் கொடுக்க முடியும்?

மூலநிரல்

இதை ஏற்கிறேன். எங்கள் மையத்திலும் அந்தப் பதிவு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் வந்தது. அதுவரை இல்லாமல் இருந்தது தவறு. நிரல் எழுதுகிறவரும் தரவுத்தளச் சாவியை வைத்திருப்பவரும் வேறு வேறு ஆட்களாக இருக்க வேண்டும். மூன்று பேர் மட்டும் உள்ள இடத்தில் அது கடினம் என்பதும் உண்மை.

ஆனால் 2020 ஆகஸ்டை நினைத்துப் பாருங்கள். கொரோனா காலம். அரியர் தேர்வுக்குக் கட்டணம் கட்டியவர்கள் எழுதாமலே தேர்ச்சி என்று தமிழக அரசு அறிவித்தது. கட்டணம் கட்டியவர் யார் என்பது எங்களிடம் நிதிப் பிரிவில் இருக்கிறது. அரியர் யாருக்கு என்பது தேர்வுப் பிரிவில் இருக்கிறது. இரண்டையும் பொருத்தி, பூஜ்யம் வாங்கியவருக்கும் தேர்வுக்கே வராதவருக்கும் என்ன மதிப்பெண் போடுவது என்று கேட்டுக் கேட்டு எழுதினோம். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு எதிர்த்தது, வழக்கு நடந்தது, தேர்வு நடத்தாமல் தேர்ச்சி தருவதைச் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. எழுதியதைத் திரும்ப எடுக்கவும் நிரல் வேண்டியிருந்தது. உலகத்தில் எந்தத் தொகுப்பு மென்பொருளில் இதற்குக் கட்டம் இருக்கிறது? அதற்குப் பிறகும் நிற்கவில்லை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு, புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன், உயர்கல்வி மாணவர் விவரங்களைத் திரட்டும் மாநில அரசின் யூமிஸ் தளம், பல்கலைக்கழக மானியக் குழு 2021-இல் கொண்டுவந்த கிரெடிட் வங்கி என்று ஒவ்வொன்றும் மாணவர் தரவை ஒவ்வொரு வடிவத்தில் கேட்கிறது. வெளி நிறுவனம் இவை ஒவ்வொன்றையும் மாற்றக் கோரிக்கை என்று பெயரிட்டுத் தனித்தனியாக விலை போடும். நம் ஊரில் விதி மாறுவது நிற்கப்போவதில்லை. கூடவே மாறுகிற ஆள் உள்ளே இருக்க வேண்டும்.

கடல்கடந்தவன்

சமர்த் என்ற பல்கலைக்கழக மென்பொருளைப் பற்றி ஏன் ஒருவரும் பேசவில்லை? டெல்லிப் பல்கலைக்கழகத்தின் தகவலியல் நிறுவனத்தில், மத்தியக் கல்வி அமைச்சகத்தின் திட்டமாக உருவானது. பல மத்தியப் பல்கலைக்கழகங்கள் அதில்தான் நடக்கின்றன. பல்கலைக்கழகங்களுக்காக ஒரு பல்கலைக்கழகத்துக்குள் எழுதியது. குவாலி கண்ட கனவு டெல்லியில் ஓரளவு நடந்திருக்கிறது என்றே சொல்வேன். நான் முன்பு எழுதியதில் இந்த அளவுக்கு என்னைத் திருத்திக்கொள்கிறேன்.

மூலநிரல்

நல்ல முயற்சி, மதிக்கிறேன். ஆனால் நம் செய்முறைத் தேர்வு விதி மாறினால் டெல்லிக்கு எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டுமா? தமிழ்நாட்டின் அரசுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து இங்கேயே ஒரு மையம் வைத்து எழுதினால் முதல் ஆளாக வருவேன்.

பழைய தேர்வுப்பிரிவு

அது நடக்கும்போது பார்ப்போம். மரத்தடி ஐயாவுக்கு அடுத்த மாதமே முடிவு வேண்டும். எது செய்தாலும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். 1983-இலிருந்து ஓய்வு பெறும் நாள் வரை தேர்ச்சி விதியில் வந்த ஒவ்வொரு மாற்றத்தையும் தேதி, தீர்மான எண்ணோடு நோட்டில் எழுதி வைத்தேன். மொத்தம் ஆறு நோட்டுகள். அந்த 2011 இரவில்கூட இருபதா நாற்பதா என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது ஐந்தாம் நோட்டைப் பார்த்துத்தான். உங்கள் இடத்தில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லாமல் போனால் வாங்குகிறவருக்கும் சொல்லத் தெரியாது, எழுதுகிறவருக்கும் கேட்கத் தெரியாது.

மரத்தடி

ஐயா சொன்னதைப் படித்துவிட்டு இன்று மதியம் தேர்வுப் பிரிவுக்குப் போனேன். பிரிவு அலுவலர் பீரோவைத் திறந்து கல்விப்பேரவைத் தீர்மானக் கட்டுகளை எடுத்துப் போட்டார். ஆண்டுவாரியாக அடுக்கினோம். 2003 முதல் 2006 வரை கட்டே இல்லை. அலுவலகம் புதுக் கட்டடத்துக்கு மாறியபோது போயிருக்கலாம் என்றார். அந்த நான்கு ஆண்டுகளில் சேர்ந்தவர்கள் இன்னும் அரியர் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு எந்த விதிப்படி முடிவு போடுகிறீர்கள் என்று கேட்டேன். "ஃபாக்ஸ்ப்ரோவில் இருக்கிறது சார், அது போட்டுவிடும்" என்றார்.

கணினி மையத்துக்குப் போய் அந்த நிரலைத் திறக்கச் சொன்னேன். விதிகள் இருக்கின்றன. குறிப்புரை ஒரு வரிகூட இல்லை. நிரலுக்குள் மதிப்புகளை ஏந்தும் மாறிகளுக்கு எம்1, எம்2, எக்ஸ்3 என்று பெயர். அதைப் படித்துப் பொருள் சொல்லக்கூடியவர் அங்கே ஒரே ஒருவர்தான் இருக்கிறார். மார்ச் 31-ஆம் தேதி ஓய்வு பெறுகிறார்.

வாங்குவதா எழுதுவதா என்பதில் என் எண்ணம் இன்னும் மாறவில்லை, குழுவில் அதைத் தனியே வாதாடுவேன். ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பை மட்டும் மூன்று மாதம் தள்ளிவைக்கும்படி இன்றிரவே பதிவாளருக்குக் கடிதம் எழுதுகிறேன். திங்கட்கிழமை முதல் இரண்டு உதவியாளர்களோடு, ஓய்வு பெறப்போகும் அந்தக் கணினி மையத்துக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து அந்த நிரலை வரி வரியாகத் தமிழில் எழுதி எடுக்கப்போகிறோம். பழைய தேர்வுப்பிரிவு ஐயா, உங்கள் நோட்டில் பக்கங்களை எந்த வரிசையில் பிரித்து வைத்தீர்கள், பாடவாரியாகவா, சேர்ந்த ஆண்டுவாரியாகவா? தயவுசெய்து ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள்.